மீட்டர் கண்ணாடி

படம் வாட்ஸ்அப்பில் வந்தது.
கொருக்குப்பேட்டை, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்,
இணைப்பு எண்ணின் கடைசி மூன்று இலக்கம் 614.
ஊரடங்கு, கணக்கெடுக்க வர முடியாது,
நீங்களே எடுத்து அனுப்புங்கள் என்று
தெருத்தெருவாக நான்தான் செய்தி போட்டிருந்தேன்.
சிலர் மீட்டரை விட்டுவிட்டுச் சுவரை அனுப்பினார்கள்.
ஒருவர் தன் கட்டைவிரலை.
ஒரு பையன் மீட்டரோடு செல்ஃபி.

இது தெளிவாக இருந்தது.
போன கணக்கைக் கழித்தேன்:
ஐநூற்றுப் பதினேழு.

மேலே நிற்கும் இந்தப் பதினேழு
லேசுப்பட்டதில்லை.
ஐநூறைத் தாண்டிவிட்டால்
கீழே படுத்திருக்கும் யூனிட்டெல்லாம் எழுந்து உட்கார்ந்து
கூடுதல் விலை கேட்கும்.
பதினெட்டு வருஷமாக இந்த ஏணியை
வீடுவீடாகத் தூக்கிக்கொண்டு போகிறவன் நான்.

நூற்றுமுப்பதைத் தாண்டியதேயில்லை அந்த வீடு.
ஒரு ஃபேன். ஒரு டியூப்லைட். ஓரம் உடைந்த மிக்ஸி.
‘என்ன யுவராணி, ஏ.சி. வாங்கியாச்சா’
என்று தட்டிக்கொண்டிருந்த விரல்
பாதியில் நின்றது.
மீட்டர் கண்ணாடிக்குள்
இன்னொரு படம் இருந்தது.
போனைப் பிடித்த கை,
அதற்குப் பின்னால் கட்டில்,
கட்டிலில் இரண்டு பாதம்,
பாதத்துக்குப் பக்கத்தில் சக்கரம் வைத்த வெள்ளைப் பெட்டி.
பெட்டியிலிருந்து ஒரு குழாய்
கண்ணாடியின் விளிம்பைத் தாண்டிப் போயிருந்தது.

நாளைக்குப் பதினாலு யூனிட்.
இருபத்தெட்டு நாள்.
கணக்குப் போட்டேன். வேறென்ன தெரியும் எனக்கு.

செக்‌ஷன் ஆபீஸ் சுவரில்
ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவு ஒட்டியிருந்தது.
பதினோரு பக்கம், முத்திரையோடு.
பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டு நுகர்வோர்
கட்ட முடியாமல் ஒத்திவைத்த தொகைக்கு ஈடாக
மின்கழகத்துக்கு இடைக்கால நிதி.
கழகத்துக்கு மூச்சுத் திணறக் கூடாதாம்.
ஆறு மாதம் யார் வீட்டு ஃபியூஸையும் பிடுங்க வேண்டாம்.
நல்ல உத்தரவு. பொய் சொல்லவில்லை,
படித்ததும் எனக்கே தோள் லேசானது.

எட்டாம் பக்கம் வரைக்கும்.
அங்கே ஒரு வரி:
இந்நிதியின் சுமப்புச் செலவு
பின்வரும் ஆண்டுகளின் கட்டணத்தில் ஈடுசெய்யப்படும்.

யார் சுமப்பது என்று எழுதவில்லை.
யுவராணிக்காக யாரோ காத்திருப்பார்கள்,
காத்திருந்ததற்கான கூலியையும்
அவளே கொடுப்பாள்.
காசிமேட்டில் விடியற்காலை பணம் வாங்கி
பொழுதுசாய அசலோடு எண்ணி வைக்கிறவர்களுக்கு
இதன் பெயர் தெரியும்.
மீட்டர் வட்டி.
அரசாங்க மீட்டரைப் படிக்கிற நான்
அந்தப் பெயரை ஆபீஸில் உரக்கச் சொன்னதில்லை.

எண்ணூரில் நிலக்கரி எரிகிறது.
காற்று இந்தப் பக்கம் திரும்பினால்
மொட்டைமாடி வேட்டியில் சாம்பல் உட்காரும்.
அதைத் தட்டித் தட்டிக் காயப்போட்டதற்கு
இந்தத் தெரு
யாருக்கும் பில் அனுப்பவில்லை.

ஆகஸ்டில் நேரில் போனேன்.
வெங்கடேசலு உட்கார்ந்திருந்தான்.
கூட்ஸ் யார்டில் மூட்டை தூக்கிய உடம்பு,
பனியன் ஏதோ ஆணியில் மாட்டியதுபோல் தொங்கியது.
அட்டையை நீட்டினான். சிரித்தான்.
“இன்னும் ஒண்ணேகால் நாள்
மூச்சைப் புடிச்சிருந்தேன்னா
ஐநூறுக்குள்ள நின்னிருக்கும், இல்ல சார்?”

“வாய மூடு” என்றாள் யுவராணி.
என்னிடம்:
“கட்டணும்னு தெரியும். எத்தனை தவணைனு மட்டும் சொல்லு.”

சொன்னேன்.
எட்டாம் பக்கத்தைச் சொல்லவில்லை.
புதுக் கணக்கு எழுபத்திரண்டு யூனிட்.
அந்தக் கட்டத்தில் சுழியம்,
அதற்குப் பக்கத்தில் பழைய பாக்கி,
என் கையெழுத்திலேயே.

மெஷின் நின்ற இடத்தில் நாலு சக்கரத் தடம்.
பிளக்கில் இப்போது போன் சார்ஜர்.
சுவிட்சுக்கு மேல் கோடு போட்ட நோட்டுத்தாள்,
சோற்றுப்பருக்கை வைத்து ஒட்டியது,
பிள்ளையின் எழுத்து:
யாரும் அணைக்காதீங்க.

கிழிக்க மறந்துவிட்டார்களோ என்னவோ.
மீட்டரில் சிவப்பு விளக்கு
விட்டு விட்டு மினுக்கியது.
பேனாவை மூடி
அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன்.